ஃபேஸ்லிஃப்ட் முடிந்து பதினோரு வாரம்: கெமிக்கல் பீல் செய்துகொள்ளலாமா?

12 பிப்ரவரி 2024, மாலை: மதுரை வாசகியின் கேள்வி

எனக்கு வயது 52. நவம்பர் 27 அன்று ஃபேஸ்லிஃப்ட்டும் கீழ் இமை அறுவையும் செய்துகொண்டேன். தொங்கல் போய்விட்டது, தழும்பும் ஆறிவிட்டது. ஆனால் கன்னத்து மங்கு அப்படியே இருக்கிறது. மேலுதட்டுக் கோடுகளும் போகவில்லை. வைகாசியில் மகளுக்குத் திருமணம். மார்ச் முதல் வாரம், அமிலம் தடவித் தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் செய்துவிடலாம் என்று பக்கத்துக் கிளினிக்கில் சொல்கிறார்கள். இன்றோடு பதினோரு வாரம். போதாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

12 பிப்ரவரி 2024, இரவு: என் பதில்

வேண்டாம். மார்ச்சில் வேண்டவே வேண்டாம்.

நானும் பதினோராவது வாரத்தில்தான் போனேன். 2022 ஜனவரி 20 அன்று ஃபேஸ்லிஃப்ட், ஏப்ரல் 7 அன்று பீல். அறுவை செய்த டாக்டரிடம் போகாமல் ஓர் அழகு கிளினிக்குக்குப் போனேன். டிசிஏ என்கிற டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், 35 சதவீதம். எனக்கு அறுவை நடந்திருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு காதுக்கும் முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குக் கருத்துப்போயிற்று. போவதற்குப் பத்து மாதம்.

13 பிப்ரவரி 2024

நேற்று கோபத்தில் எழுதினேன். இன்று காரணத்தை எழுதுகிறேன்.

ஃபேஸ்லிஃப்ட் என்றால் தோலை இழுத்துத் தைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். காதோரம் கீறி, கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்கிய பிறகுதான் இழுக்கிறார்கள். பிரிக்கும்போது, அடியிலிருந்து தோலுக்கு ஏறும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபட்டுவிடுகின்றன. அதன்பின் அந்தத் தோல், முகத்தின் நடுவிலிருந்து தோலுக்குள்ளேயே ஓடி வரும் இரத்தத்தை நம்பித்தான் பிழைக்கிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். மூக்கோரம் தலைமடை, காதோரம் கடைமடை என்று வைத்துக்கொண்டால் எனக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் அது. வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். புதிய குழாய்கள் அடியிலிருந்து முளைத்துப் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். தழும்பு வெளியே ஆறியிருப்பதை வைத்து இதைக் கணிக்க முடியாது.

பீல் என்பது அளந்து உண்டாக்கும் புண். அமிலம் மேல்தோலை வேகவைக்கிறது, கீழிருந்து புதுத் தோல் வளர்கிறது. வளர்வதற்கு இரத்தம் வேண்டும். கடைமடை நிலத்தில் புண்ணை உண்டாக்கிவிட்டு, ஆறவில்லையே என்று கேட்பதில் நியாயமில்லை.

உங்கள் மேலுதட்டுக் கதை வேறு. உதட்டைச் சுற்றி உள்ள தோலை வழக்கமான ஃபேஸ்லிஃப்ட்டில் தூக்குவதில்லை. அங்கே இரத்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. அதனால் வாரங்களை எண்ணுவதற்கு முன், எந்த இடம் என்று பாருங்கள். எனக்கு யாராவது அன்று இதைச் சொல்லியிருக்கலாம்.

13 பிப்ரவரி 2024, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. காதுக்கு முன்னால் தொட்டால் உங்களுக்கு உணர்ச்சி இருக்கிறதா?

எனக்கு இல்லை. அறுவைக்குப் பிறகு ஐந்தாறு மாதம் அந்த இடம் மரத்துத்தான் கிடந்தது. நுண்ணிய நரம்புகளும் அறுபடுவதால் இது எல்லோருக்கும் சில மாதம் இருப்பதுதான். தலை உலர்த்தும் கருவியின் சூடு தெரியாமல் காதோரம் கொப்பளித்துவிடும், கவனமாக இருங்கள் என்று அறுவை டாக்டரே எச்சரித்து அனுப்பியிருந்தார்.

பீல் அன்று என்ன நடந்தது என்றால், முதலில் அசிட்டோன் தொட்டு முகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தார்கள். பிறகு மடித்த காஸ் துணியை அமிலத்தில் நனைத்து, பிழிந்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்தது போல் ஏறியது. ஒரு பெண் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். நெற்றியில் மண்சுவரில் உப்புப் பூத்தது போல வெள்ளை. தோலின் புரதம் உறைந்தால் அப்படி வெளுக்கும். மருத்துவர்கள் ஆழத்தைக் கணிப்பது அந்த வெளுப்பை வைத்துத்தான்.

கன்னம் எரிந்தது, மூக்கு எரிந்தது. காதுக்கு முன்னால் எரியவில்லை. “இங்கே எரியவே இல்லையே” என்று நானே சொன்னேன். “அப்படியா அம்மா, அப்போது இன்னொரு கோட் தாங்கும்” என்று அந்தப் பெண் அதே இடத்தில் இன்னொரு முறை தடவினாள்.

எரியாத இடம்தான் கருத்தது.

15 பிப்ரவரி 2024

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் குறிப்பில் 35 சதவீதம் என்று எழுதியது தவறு. சீட்டில் 25 என்று இருக்கிறது. இரண்டு வருடமாக 35 என்றே மனத்தில் பதிந்திருந்தது.

குறைந்த சதவீதம் என்று நிம்மதி அடையவும் முடியாது. டிசிஏ எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைச் சதவீதம் மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை முறை தடவினார்கள், எவ்வளவு அழுத்தித் தேய்த்தார்கள், முன்பு எண்ணெய்ப் பசையை எவ்வளவு எடுத்தார்கள், எல்லாம் சேர்ந்துதான். 25-ஐ மூன்று முறை தடவினால் அது ஒருமுறை தடவியதைவிட ஆழமாகத்தான் போகும். பீலுக்குப் போடும் இன்னொரு அமிலமான கிளைகாலிக்கைத் தண்ணீரோ சோடா உப்புக் கரைசலோ விட்டு நிறுத்திவிடலாம். டிசிஏயை அப்படி நிறுத்த முடியாது. வெளுத்த பிறகு ஈரத் துணி வைப்பது எரிச்சலை ஆற்றத்தான். தடவியது தடவியதுதான்.

18 பிப்ரவரி 2024

கோவை நண்பர், “அமெரிக்காவில் ஃபேஸ்லிஃப்ட் மேசையிலேயே பீலும் செய்துவிடுகிறார்களே, நீங்கள் மாதக்கணக்கில் பயமுறுத்துகிறீர்களே” என்று கேட்டிருக்கிறார். செய்கிறார்கள். உதட்டைச் சுற்றியும், தோலைத் தூக்காத மற்ற இடங்களிலும். தூக்கிய கன்னத்தில் அதே நாளில் செய்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் தோலோடு அடியிலுள்ள தசைப் படலத்தையும் சேர்த்தே தூக்கி, தோலைத் தனியாக அதிகம் பிரிக்காமல், அமிலத்தையும் மென்மையாகத் தடவுகிறார்கள். எங்கே எவ்வளவு பிரித்தோம் என்று தெரிந்த கை அது. எனக்கு அமிலம் தடவிய கைக்கு அது தெரியாது.

அங்கே உதட்டுக் கோடுகளுக்குப் பெயர் பெற்றது ஃபீனால் பீல். 1960-களின் தொடக்கத்தில் பேக்கர், கார்டன் என்ற இரு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட கலவை. ஃபீனால், தண்ணீர், திரவ சோப்பு, மூன்று சொட்டு குரோட்டன் எண்ணெய். ஃபீனால்தான் வேலை செய்கிறது, எண்ணெய் சும்மா துணைக்கு என்று நாற்பது வருடம் நம்பியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் ஹெட்டர் என்ற மருத்துவர், ஆழத்தைத் தீர்மானிப்பதே அந்த எண்ணெய்தான் என்று எழுதினார்.

அந்த எண்ணெய் எது தெரியுமா? நம் நேர்வாளம். பேதி மருந்துக்குப் போடுவார்களே, அதே கொட்டை. என் அப்பாயி அதைச் சுத்தி செய்யும்போது குழந்தைகளைத் திண்ணைப் பக்கமே விடமாட்டார். தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதே என்று கத்துவார். அப்பாயி சீமைக் கல்வி படித்தவர் இல்லை. அந்தக் கொட்டை தோலை என்ன செய்யும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபீனால் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதனால் ஈசிஜி பார்த்துக்கொண்டே, முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவில் கால் மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் செய்ய வேண்டும். அதோடு, ஆழமாகச் செய்த இடம் நிரந்தரமாக வெளுத்துப்போகலாம். வெள்ளைத் தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. நம் நிறத்தில் தாடையோரம் கோடு போட்டது போல் நிற்கும். நம் ஊரில் யாராவது ஃபீனாலை முகம் முழுவதும் போடலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

19 பிப்ரவரி 2024

“நம் நிறத்தில்” என்று எழுதியதற்கு ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நிறத்தைக் குறைத்துப் பேசவில்லை, ஐயா. 1975-ல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஓர் அட்டவணை போட்டார். வெள்ளைத் தோலுக்காகத்தான் முதலில் போட்டது. பழுப்பையும் கருப்பையும் ஐந்து, ஆறு என்று பிற்பாடு சேர்த்தார்கள். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவோம். நம் தோலில் நிறமி அணுக்கள் விழிப்பாக இருக்கின்றன. வெயிலிலிருந்து நம்மைக் காப்பவை அவைதான். காயம் பட்டாலும் அதே விழிப்போடு நிறத்தைக் கொட்டிவிடுகின்றன. பருக் கிள்ளினால் கரும்புள்ளி நிற்கிறதே, அதேதான். பீலின் புத்தகங்களில் பாதி வேறு தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

24 பிப்ரவரி 2024

மதுரைச் சகோதரி, உங்கள் கீழ் இமையை யோசித்துக்கொண்டிருந்தேன். பீல் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும். சுருக்கம் போவதே அதனால்தான். ஆனால் கீழ் இமையில் ஏற்கெனவே தோலை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே இன்னும் இறுகினால் இமை கீழே இழுபட்டு, வெள்ளை விழி தெரிந்து, கண்ணீர் வழியும். டாக்டர்கள் ஒன்று செய்து பார்ப்பார்கள்: கீழ் இமையை இரு விரலால் மெல்லப் பிடித்து முன்னால் இழுத்து விடுவார்கள். கண் சிமிட்டாமலே டக்கென்று ஒட்டிக்கொண்டால் நல்லது. சோம்பலாகத் திரும்பினால் அந்தப் பக்கமே அமிலத்தைக் கொண்டுபோக மாட்டார்கள். உங்களுக்கு இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கிருமி உடம்பிலேயே பதுங்கியிருக்கும். பீல் செய்த புண்ணில் எழும்பினால் முகம் முழுக்கப் பரவித் தழும்பாகும். முன்னாலேயே அசைக்ளோவிர் வகை மாத்திரை கொடுத்துவிடுவார்கள்.

2 மார்ச் 2024

முதல் நாள் எழுதியதில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது சரியில்லை என்று பத்து நாளாக உறுத்துகிறது.

“அறுவை நடந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை” என்று எழுதினேன். கேட்டார்கள்.

அறுவையை நான் வீட்டில் சொல்லவில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்துகொண்டேன். முகம் தெளிந்திருக்கிறதே என்றவர்களிடம் நல்ல தூக்கம் என்றேன். 56 வயதில் இவளுக்கு எதற்கு இது என்ற பேச்சைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பீலுக்குப் போன அன்று நாத்தனாரும் கூட வந்திருந்தார். படிவத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண், “முகத்தில் ஏதாவது ஆபரேஷன், லேசர் செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். நாத்தனார் பக்கத்து நாற்காலியில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். “ஒன்றும் இல்லை” என்றேன்.

அவர்கள் காதோரத் தழும்பைப் பார்த்திருக்க வேண்டும். நோயாளியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். எரியவில்லை என்றால் ஏன் எரியவில்லை என்று நின்று யோசித்திருக்க வேண்டும். இவை எல்லாம் அவர்கள் மேல் எனக்கு இன்றும் இருக்கும் கோபம், அது குறையவில்லை. ஆனால் கேட்டார்கள், நான் மறைத்தேன். இரண்டும் நடந்தது.

உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால் உங்கள் விருப்பம். அமிலம் தொடும் ஆளுக்கு மட்டும் தெரிய வேண்டும். அறுவை டாக்டர் எழுதிய குறிப்பின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். எதுவரை தோலைப் பிரித்தார் என்று அதில் இருக்கும். பேச முடியாத இடத்தில் காகிதத்தை நீட்டிவிடலாம்.

3 மார்ச் 2024

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களைப் படித்தேன். நான்கு பெண்கள், ஓர் ஆண், எல்லோரும் தாங்களும் மறைத்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பல் சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார். நன்றி.

9 மார்ச் 2024

கருத்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு.

முதலில் தவறுகள். உரியும்போது நான்காம் நாள் வாயோரம் தோல் பால் ஏடு மாதிரி மடிந்து தொங்கியது. பொறுக்க முடியாமல் நகத்தால் பிடித்து இழுத்தேன். பாதிவரை சுலபமாக வந்தது, அப்புறம் பச்சைத் தோலோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் அரை அங்குலக் கோடு இன்றும் இருக்கிறது. விளக்கை ஒருபக்கமாகப் பிடித்தால் தெரியும். அடுத்து, அது சித்திரை. கத்திரி வெயில் தொடங்கப் பத்து நாள் இருந்தபோது திருவிழாவுக்கு வெளியே போனேன். முந்தானையால் மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். கருத்த பிறகு பயத்தில் எலுமிச்சைச் சாறு தடவினேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள், எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

பிறகு தோல் டாக்டர். அவர் முதலில் கையைப் பிடித்து, “அம்மா, இது தழும்பு இல்லை, நிறம். நிறம் போகும்” என்றார். அந்த வாக்கியத்துக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று தோன்றியது. மூன்று மாதம் ஹைட்ரோகுவினோன் கிரீம், அதற்குமேல் நீட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார். வருடக்கணக்கில் போட்டால் அதுவே தோலை நீலம் பாய்ந்த கருப்பாக்கிவிடுமாம். பிறகு அசலைக் அமிலம். காலை முதல் மாலைவரை சன்ஸ்கிரீன், அதுவும் நிறம் கலந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் தோலைக் கறுக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறச் சன்ஸ்கிரீன்தான் இதற்கு உதவும் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து பூக்கட்டுவதைக்கூட நிறுத்தினேன். அப்பளம் பொரிப்பதையும் மகனிடம் விட்டேன். அடுப்புச் சூடும் ஆகாது.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும், ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம்கள் பக்கம் போகாதீர்கள். அறுவையால் ஏற்கெனவே நொந்த தோலை அது இன்னும் மெலிய வைக்கும்.

10 மார்ச் 2024

சிங்கப்பூர் வாசகிக்கு: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு தேவையில்லை என்று 2017-ல் தோல் மருத்துவர்கள் தளர்த்திவிட்டார்கள். ஆழமாகப் போவதற்கு இன்னும் தயங்குகிறார்கள். நீங்கள் எது செய்கிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

17 மார்ச் 2024

மதுரைச் சகோதரி பீலைத் தள்ளிப்போட்டுவிட்டார். படித்ததும் மனம் லேசாயிற்று. திருமணத்துக்கு மேக்கப் போட்டுக்கொள்ளுங்கள். ஓமப் புகையும் சூடும் படும் இடத்தில் புதுத் தோலோடு உட்கார்ந்திருப்பதைவிட மங்கோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

21 ஜூலை 2024

நான் மறுபடி பீல் செய்துகொண்டேனா என்று கேட்கிறார்கள். செய்துகொண்டேன், போன வருடம் நவம்பரில், மழைக்காலம் பார்த்து. இந்த முறை தோல் டாக்டரிடமே. ஒரு மாதம் முன்பே இரவில் ட்ரெட்டினாயின் கிரீம் போட்டுத் தோலைத் தயார் செய்தார். நெற்றியில் மயிரெல்லை ஓரம் அமிலத்தைப் பொட்டளவு தடவி, மூன்று வாரம் பார்த்தார். கழுத்தில் சோதிக்கலாமே என்றேன். கழுத்தில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு, புதுத் தோல் முளைப்பதே அவற்றிலிருந்துதான், அதனால் கழுத்துப் புண் ஆறச் சிரமப்படும் என்றார். போட்டது மாண்டெலிக் அமிலம். கிளைகாலிக்கைவிட அதன் மூலக்கூறு எடை இரண்டு மடங்கு, தோலுக்குள் மெதுவாக இறங்கும். உரிந்ததே தெரியாத அளவுதான் உரிந்தது. நான்கு முறை. மங்கு பாதிக்குமேல் போயிற்று.

அப்படியானால் டிசிஏ தப்பா? அப்படிச் சொல்லமாட்டேன். முன்பு சொல்லியிருப்பேன்.

6 அக்டோபர் 2024

மதுரைச் சகோதரி எழுதியிருக்கிறார்: “அக்கா, பத்து மாதம் தாண்டிவிட்டது. ஐப்பசியில் செய்யலாம் என்கிறார் டாக்டர். அறுவைக் குறிப்பைக் காட்டினேன். காதோரம் உணர்ச்சி வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?”

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மகளை அருகில் வைத்து, குளிர்ந்த கரண்டியின் அடிப்பக்கத்தால் ஒருமுறையும் பஞ்சால் ஒருமுறையும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். இரு பக்கமும். எது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

8 அக்டோபர் 2024

வலப்பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னாராம். இடக் காதுக்கு முன்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கரண்டியா பஞ்சா தெரியவில்லையாம். அந்த இடத்தைக் கண் மையால் வட்டமிட்டு, படம் பிடித்து, டாக்டருக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் செய்வதாக டாக்டர் பதில் சொல்லியிருக்கிறார்.